கால் சுற்று

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
டாக்டர் நஸ்ரின் பேனா முனையால் காட்டினார்:
கன்னத்துக்குள் ஒரு காற்றறை,
அதன் தரை இறங்கிவிட்டது.
எட்டு வருஷம் முன்பு ஜாக்கியின் கைப்பிடி துள்ளி
இரண்டு கடைவாய்ப் பல்லைக் கொண்டுபோன இடம்.
ஆளில்லாத மனையில்
பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளித் தள்ளிப் போடுவதுபோல
காற்று வந்து எலும்பைத் தின்றிருக்கிறது.
மிச்சம் மூன்று மில்லிமீட்டர்.
"இதில் இம்ப்ளாண்ட் நிற்காது. தரையைத் தூக்கணும்."

சிரித்துவிட்டேன்.
கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு,
சந்து சந்தாகத் தரையைத் தூக்குவதுதான் என் பிழைப்பு.
பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே புது ரோடு போட
வாசற்படி புதைந்து
மழைத்தண்ணீர் கட்டிலுக்கடியில் வந்து
செருப்பை எடுத்துப்போகும் வீடுகள்.
நூற்றிருபது ஜாக்கி.
ஒரு விசில், எல்லோரும் கால் சுற்று.
ஒருவன் முந்தினால் சுவரில் முடிக்கோடு.

"முட்டை ஓட்டுக்குள் ஒரு தோல் இருக்குமே,
அவ்வளவுதான் கனம்.
கிழியாமல் அதை மேலே தள்ளி
அடியில் எலும்புத்தூள் நிரப்புவேன்."
ஊசி போட்டு உதடு மரத்த பிறகு
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"மாட்டெலும்பு. உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"
ஞாயிறு விடிகாலை
புளியந்தோப்பில் நல்லிக்கு முதல் ஆளாய் நிற்பவன்
மரத்த வாயால் எதைச் சொல்ல.
கட்டைவிரலைத் தூக்கினேன்.
இத்தனை நாள் நான் கடித்தேன்,
இனி அது என்னைத் தாங்கட்டும்.

முகத்தில் பச்சைத் துணி.
தலைக்குள் யாரோ தேங்காய் துருவுகிறார்கள்.
வலியில்லை, சத்தம் மட்டும்.
ஒரு இடத்தில் அவர் கை நின்றது.
நர்ஸும் மூச்சை நிறுத்தினாள்.
அந்த நிறுத்தம் எனக்குத் தெரியும்.
மூலைச் சுவருக்கடியில் செங்கல் ஒன்று முனகியதும்
கையைத் தூக்கி நான் நிற்பேனே, அது.
கிழிந்ததா?
யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்க முடியாது.
பிறகு மறுபடி நகர்ந்தார்,
ஒரு கால் சுற்று.

மூக்கைச் சிந்தாதே. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதே.
விசிலா? நினைக்கவே நினைக்காதே.
தும்மல் வந்தால் வாயைத் திறந்து விடு.
ஆறு மாசம் எலும்பு ஊறட்டும், பிறகுதான் பல்.

நாலாம் நாள் மரகதவல்லி வீடு, மூன்றடி.
கொய்யாக்காய் அடக்கிய கன்னத்தோடு
எதிர்வீட்டு நிழலில் நின்றேன்.
விசில் சுரிந்தரிடம். ஹரியானாக்காரன்,
என்னைவிட நீளமாக ஊதுகிறான்,
அது கொஞ்சம் உறுத்தியது.
வீடு ஏறுகிறது, உள்ளே அவள் குழம்பு கொதிக்கிறது.
அடியிலிருந்து பழைய சுண்ணாம்புப் புழுதி,
மேலே மணலிப் பக்கத்துக் காற்று,
இரண்டும் என் மூக்கில் சந்தித்தன.

வாயை ஆவென்று திறந்தேன்.
நிறுத்தச் சொல்கிறேன் என்று நினைத்து
சுரிந்தர் கையைத் தூக்க
மொத்த வீடும் பாதிச் சுற்றில் நின்றது.
குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தும்
யாரும் நகர்த்தவில்லை.
தும்மினேன்.

சமையற்கட்டு ஜன்னலிலிருந்து,
என் தலைக்கு மேலே போய்விட்ட ஜன்னல் அது,
"நூறாயுசு மேஸ்திரி!" என்றாள்.

கைக்குட்டையில் சிவப்பாய் ஏதோ.
செங்கல் தூளா, மற்றதா,
மடித்துப் பையில் வைத்தேன்.
சுற்றச் சொல்லி விரலை அசைத்தேன்.