துவைப்புக் கணக்கு

முதல் சட்டை மூன்று துவைப்பில் செத்தது.
பூரணத்தக்கா அதை ஷொப்பிங் பையில் சுருட்டிக் கொண்டுவந்து
நான் ஃபோன் திருத்தும் மேசையில் வைத்தார்.
சன்லைட் மணம். ஒன்பது விளக்கும் குருடு.
"துவைக்காமப் போடேலுமோ தம்பி?
மீன் சந்தைக் காணைத் தோண்டிப்போட்டு வாற ஆக்கள் நாங்கள்.
இதென்ன, சாமிக்குச் சாத்துற பட்டோ?"

விடியப்புறம் நாலு மணிக்கு
நகரசபைப் பெண்கள் ஏகாம்பரம் வீதியைக் கூட்டுகிறார்கள்.
கொழும்பால் வருகிற பஸ்ஸுக்கு மான்கள் தெரியும்,
மானுக்குக் கண் மினுங்கும்.
இவர்களைத் தெரியாது.
தை மாதம் ஒருநாள் தும்புத்தடி ஒன்று
நடுவீதியில் தனியே கிடந்தது.
அதன் சொந்தக்காரி இப்போது ஊன்றுகோலோடு.

வெள்ளி பூசிய நூல் எங்கள் உப்புக்குக் கறுத்துப்போகும் என்று
விற்றவன் சொல்லவில்லை.
உருக்கு நூல் கறுக்காது; ஆனால் முடிச்சில் அடங்காது,
சூடை முள் மாதிரி விறைத்து எழும்பும்.
கிண்ணியாப் பாலம் தாண்டி வருகிற நஸ்மியாதான்
தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:
"நேரா ஓட்டாதீங்க. பாம்பு போற மாதிரி ஓட்டுங்க.
இழுபட்டா நீளுறத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கணும்."

உருப்பெருக்கியில் பார்த்தேன்.
முறிவு விளக்கில் இல்லை, நூலிலும் இல்லை.
ஈயம் முடிந்து துணி தொடங்குகிற
கடுகளவு இடத்தில்.
அங்கே ஒரு சொட்டு சிலிக்கன் பசை.
ஈரக்காற்றில்தான் அது இறுகுமாம்;
இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

ஒன்றன்பின் ஒன்றாய்க் கோர்த்தால்
ஒன்று போக எல்லாம் போகும்.
ஆகவே ரயில் பாதைபோல் போட்டேன்:
இரண்டு உருக்குக் கோடு,
நடுவே சிலிப்பர் கட்டையாய் விளக்குகள்.
இரண்டு கோடும் எங்காவது தொட்டுக்கொண்டால் கதை முடிந்தது.
பற்றரி மட்டும் கழன்று வரும்,
பிள்ளைச் சட்டைக்கு வைக்கிற அழுத்துப் பொத்தானில்.

பிறகு துவைத்தேன்.
கிணற்றடியில் சுதர்சினியின் வாளிக்குப் பக்கத்தில் என் வாளி.
உவர்த்தண்ணி. கல்லில் அடித்தேன்.
பூரணத்தக்கா பிழிவதுபோல்
கழுத்தைத் திருகுவதுபோல் பிழிந்தேன்.
ஏழு.
பதினொன்று.
பதினாறில் ஒரு விளக்கு போனது. கொப்பியில் எழுதினேன்:
காரணம், பசை வைத்தபோது கை நடுங்கியது.
அயல்வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் கேட்டார்,
"ஒரே சட்டையைத்தான் தோய்க்கிறீர், என்ன வேண்டுதலோ?"

ஐப்பசி மழைக்கு முன் பன்னிரண்டு கொடுத்தாயிற்று.
முதல் கிழமை பஸ்காரர்கள் தூரத்திலேயே பிறேக் பிடித்து
உள் லைற்றைப் போட்டார்களாம்,
சோதனைச் சாவடி என்று நினைத்து. பழைய பழக்கம்.
ஒருவர் அடையாள அட்டையையும் எடுத்தாராம்.
விளக்கைப் பற்றிப் பெண்கள் ஒன்றும் சொல்லவில்லை.
சொன்ன குறை இரண்டு:
கழுத்துக் கடிக்குது. பொக்கற் இல்லை.

நேற்று லிங்கநகருக்குப் போனேன்.
கொடியில் உட்புறம் வெளியாய் அந்தச் சட்டை,
நெஞ்சுப் பக்கம் ஒரு புதுப் பொக்கற்.
பழைய பாவாடைத் துண்டு, வெற்றிலைக் கறை,
கறுப்பு நூலில் குதித்துக் குதித்துப் போன கைத்தையல்.
சரியாக என் தண்டவாளத்துக்கு மேலே.
வயிறு கலங்கியது.

ஊசி போன இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன்.
ஒவ்வொரு குத்தும்
இரண்டு கோட்டுக்கும் நடுவே,
ஒன்றையும் ஒன்றோடு இழுக்காமல்,
விளக்கு வரும் இடத்தில் சற்று விலகி.

பற்றரியைப் பொருத்தினேன். எட்டு எரிந்தன.
ஒன்பதாவது கொஞ்சம் யோசித்து எரிந்தது.

"எத்தனை தரம் துவைச்சிருப்பியள் அக்கா?"
"ஆர் எண்ணினது?" உள்ளேயிருந்து குரல்.
"கொடியில காயிறதுக்கு என்னத்துக்கு வெளிச்சம்?
நூத்து."