மூன்றாம் தசம இடம்

இந்த நாட்டுக் காசுக்குப்
புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்.
ஸுலைகா ஒன்றையும் விடாமல் எழுதுவாள்.

சோஹார். வியாழன், பகல் மூன்றரை.
வெளியே துறைமுகச் சாலையில் தார் இளகிக்கொண்டிருக்க
உள்ளே ஏசிக் குளிரில் சால்வை போர்த்தி
நாங்கள் மூவர்.
நன்கொடைக் கணக்கில் மிச்சம்
இரண்டாயிரத்து நானூற்றுப் பத்து ரியால்,
எழுநூற்றைம்பது பைசா.
ஒரு தடவை டயாலிசிஸ் நாற்பது.
அறுபது தடவை வரும்.
ஒருவருக்கென்றால் இருபது வாரம்.
இருவருக்கென்றால்
டாக்டர் ஹிலால் பேனாவை மூடிவிட்டார்.

மரியநேசன், சாரம் கட்டுபவர், வேம்பார்.
ஷம்சுல் ஹக், கத்திரித் தோட்டக் கூலி;
விசா செத்து இரண்டு வருடம்,
பாஸ்போர்ட் யாரிடம் என்று அவருக்கே தெரியாது.

சென்னைக்கு டிக்கெட் அறுபத்தெட்டு ரியால்.
இரண்டு தடவைக்கும் குறைவு.
ஊரில் அரசு ஆஸ்பத்திரியில் மிஷின் உண்டு, இலவசம்.
நான்தான் சொன்னேன்,
மரியநேசனை அனுப்பிவிடலாம் என்று.
கல்லூரியில் இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.
இங்கே சொல்லிப் பார்த்தால் வாயில் நிற்கவில்லை.

"உங்கள் ஆள் என்பதால்தானே
இவ்வளவு கறார்?" என்றார் ஹிலால்.
பழியாக இல்லை; சும்மா, தேநீரை ஊதியபடி.
இல்லை என்றேன்.
கை கழுவும்போது
இருக்குமோ என்று பட்டது.

படுக்கையருகே போய்ச் சொன்னேன்.
ஊசி குத்திய கையை அசைக்காமல் கேட்டுக்கொண்டார்.
"அங்க மிஷின் இருக்கு டாக்டரம்மா.
மூணு வட்டிக்காரனும் இருக்கான்.
அதை எந்தக் கணக்குல எழுதினீங்க?"

எழுதவில்லை.
விமானத்தில் பறக்கத் தகுதியுடையவர் என்று மட்டும்
எழுதிக் கையெழுத்திட்டேன்.

டிக்கெட் போக ஐம்பத்தெட்டு தடவை:
ஷம்சுலுக்குப் பத்தொன்பது வாரமும்
ஒரு ஞாயிற்றுக்கிழமையும்.
அதற்கடுத்த செவ்வாயைப் பற்றி யாரும் பேசவில்லை.
மீதி இருபத்திரண்டு ரியால் எழுநூற்றைம்பதை
ஸுலைகா அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோனாள்.

புறப்படும் நாளில் மரியநேசனிடம் சொன்னேன்:
விமானத்தில் ஆரஞ்சு ஜூஸ் நீட்டுவார்கள், வாங்காதீர்கள்,
பொட்டாசியம் ஏறிவிடும்.
சென்னை போய்ச் சேருகிறவரை
ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான்.

"அதையும் அளந்தாச்சா" என்று சிரித்தார்.

அரை டம்ளர் கூடுதலாகச் சொல்லியிருக்கலாம்.
உடம்பு தாங்கியிருக்கும்.