இரண்டு மைல் கூடுதல்

கத்திரி பிறந்து ஒன்பதாம் நாள்.
தாரில் செருப்பு ஒட்டி உரிகிற சத்தம்
கழனிவாசல் முக்கிலேயே கேட்கும்.
தை வரட்டும், கூட்டத்தோடு போகலாம் என்றார்கள்.
கடன் நான் பட்டது.
வட்டியும் எனக்குத்தான் ஏறும்.

அவருக்குத் தொண்டையில் கத்தி வைத்து எட்டு மாதம்.
இருபத்திரண்டு வருஷம்
இதே குன்றக்குடி ரூட்டில் விசில் ஊதி,
படியில் தொங்குகிறவனை உள்ளே இழுத்த குரல்
ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது இல்லை.
சிலேட்டு வாங்கினோம்.
‘காபி’ என்று எழுதுவார்.
‘சர்க்கரை கம்மி’ என்று அடிக்கோடு போடுவார்.

பங்குனியில் ஒரு ராத்திரி
ஃபேனை நிறுத்தச் சொல்லி இருட்டில் ஒரு சத்தம்,
கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி.
நான் நிறுத்தவில்லை.
இன்னொரு தரம் கேட்க வேண்டியிருந்தது.

டாக்டர் சொல்லியிருக்கிறார்:
கத்தக்கூடாது, குசுகுசுக்கவும் கூடாது,
பக்கத்து ஆளுக்குக் கேட்கிற அளவு போதும்.
மெயின் ரோட்டில் பக்கத்து ஆளுக்கு என்ன கேட்கும்?
லாரி ஹாரன். மோர்ப்பந்தல் மைக்செட்.

ஆனாலும் ரோட்டைத்தான் கைகாட்டினார்.
ஒவ்வொரு ஸ்டேஜும் தெரியும்,
எந்த வளைவில் எத்தனை ரூபாய் கூடும் என்று தெரியும்.
எனக்கு மீட்டர் கணக்கெடுக்கிற வேலை.
பத்து மணிக்கு எந்தச் சுவர் எந்தப் பக்கம் நிழல் போடும்,
எந்தப் பம்புசெட்டுக்குப் பகலில் கரண்டு வரும்,
எந்த வீட்டு நாய் குரைக்காமல் கடிக்கும்,
அது என் ரூட்.
“இரண்டு மைல் கூடுதல்” என்று எழுதிக் காட்டினார்,
பேச முடிகிற மனுஷன், பழக்கதோஷம்.
“டிக்கெட் கேட்க மாட்டேன், வாங்க” என்றேன்.

நாலரைக்குக் கிளம்பினோம்.
பூட்டிய பெரிய வீடுகளின் சந்து.
ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் கொல்லை,
நடுவே வருஷக்கணக்காய் அசையாத மீட்டர்.
நேற்றுக் குடித்த வெயிலைச் சுவர்கள்
இன்னும் துப்பிக்கொண்டிருந்தன.
கண்மாய்க்கரை ஏறியதும் அது நின்றது.

கண்மாயில் தண்ணீர் இல்லை.
மடையோரம் ஒரு பாய் அளவுக்கு ஈரம்,
அதில் நாலு கொக்கு, ரேஷன் வரிசையில்.
கரை நெடுக நாவலும் பனையும்.
ஒரு நிழல் அடுத்த நிழலைத் தொடாத இடங்களில்
ஓடினோம்,
ஐம்பத்தாறு வயதில், இடுப்பில் மஞ்சள் துண்டோடு.

கருவேலங்காட்டில் நான் கால் வைக்கப்போனேன்.
“முள்ளு” என்றார்.
சத்தமாக இல்லை.
நின்றுவிட்டேன்.

பம்புசெட்டில் தலையை நனைத்துவிட்டு
நாவல் மரத்தடியில் சாய்ந்தவர்கள்
இரண்டு மணிநேரம் தூங்கிப்போனோம்.
எழுந்ததும் அவர் கேட்டார்:
“இது ஏமாத்து இல்லையா?”
எது?
“நெழல்லயே போறது.”
நடந்து வர்றேன்னுதான் வேண்டினேன்.
வெயில்லன்னு சொல்லவேயில்லை.
யோசித்தார். கண்டக்டர்;
சில்லறை சரியாக இருந்தால் வாங்கிக்கொள்கிற ஆள்.

மலை தெரிந்தபோது பதினொன்று தாண்டிவிட்டது.
அடிவாரத்தில் பூக்காரம்மா கையை விரித்தாள்:
நடை சாத்தியாச்சு. இனி நாலு மணிக்குத்தான்.
பூட்டிய தேங்காய்க் கடையின் படுதா நிழலில் உட்கார்ந்தோம்.
மேலே, கல்லுக்குள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு
அவன்.
“அவனும் வெயிலுக்கு ஒதுங்கிட்டான்” என்றார் இவர்.

ரோட்டில் பழைய பஸ் வந்து நின்றது.
புதுப் பையன் படியிலிருந்து எட்டிப்பார்த்து,
“செவுகண்ணே! ஏறுங்க, காசு வேணாம்” என்று கத்தினான்.
இவர் தலையாட்டி மறுத்தார்.
பஸ் நகரும்போது உதடு மட்டும் அசைந்தது.
போலாம் ரைட்.

காலையிலிருந்து பதினோராவது வார்த்தையோ,
பன்னிரண்டாவதோ. எந்தக் கார்டிலும்
நான் பதியவில்லை.
நன்றாகவே கேட்டது.
“என்ன?” என்றேன்.