இடது கால் செருப்பு

கண்ணாடிச் செருப்புப் போட்ட பெண்ணின் கதை
உங்களுக்குத் தெரியும்.
அதை அலமாரியில் வையுங்கள்.
இது சின்னப்பாலத்துக் கதை.
இங்கே கண்ணாடி காலில் இல்லை,
கண்ணில்.

நம்புத்தாய் என்று பெயர்.
நம்பு என்று கூப்பிட்டால்
ஏதோ உத்தரவு போட்ட மாதிரி இருக்கும்.
பாசி எடுக்கப் போகிற பதினோரு பேரில் இளையவள்.
வயது இருபது,
வாய்க்கு மட்டும் ஐம்பது.

மாற்றாந்தாய் இல்லை அவளுக்கு.
கொடுமைக்கார அக்காள்கள் இல்லை.
கடன் இருந்தது, அது போதும்.
தேவதையும் வரவில்லை.
தவணைக்கு வாங்கிய நீச்சல் கண்ணாடி வந்தது.
லாரி டயரில் அறுத்த செருப்பு இரண்டு,
சைக்கிள் டியூப் கிழித்துக் கட்டிய வார்,
விரலுக்கு விரல் துணிச்சுற்று.
அலங்காரம் முடிந்தது.

பூசணிக்காய் தேராக மாறவில்லை.
சாம்பாராக மாறித் தூக்குச்சட்டியில் ஏறி
வத்தையோடு குருசடைப் பக்கம் போனது.

தண்ணீருக்கு அடியில் விருந்து.
கிளிமீன் பச்சை உடுத்தி வந்தது.
கடற்புல் கூட்டமாய்ச் சாய்ந்து சாய்ந்து ஆட,
கடல்குதிரை ஒன்று வெட்கப்பட்டு
வாலால் ஒரு தண்டைப் பிடித்துக்கொண்டு நின்றது.
நம்புவும் ஆடினாள்,
ஒரு மூச்சுக்கு
ஒரு கைப்பிடி மரிக்கொழுந்துப் பாசி.

பன்னிரண்டு மணி அடிக்க அங்கே கடிகாரம் ஏது?
காற்றுதான் அடித்தது.
கச்சான் சட்டென்று எழும்பவும்
"ஏறுங்கடி!" என்று வத்தையிலிருந்து
சவேரியாயி போட்ட சத்தத்தில்
கடல்காகம் பறந்தது.
ஓடி ஏறும்போது பார் இடுக்கில்
இடது கால் செருப்பு மாட்டிக்கொண்டது.
செருப்பா உயிரா என்று கடல் கேட்டால்
யோசிக்க நேரம் தராது.

மூன்றாம் நாள்
பாம்பன் பாலம் இடுப்பைத் தூக்கி
ஒரு கப்பலுக்கு வழிவிட்டது.
வெல்வெட் சப்பாத்தில் ஓர் இளவரசன்.
பட்டு மெத்தையில் டயர் செருப்பு.
"என் நங்கூரத்தோடு ஏறி வந்தது இது.
யார் காலுக்குப் பொருந்துகிறதோ
அவளே எனக்கு ராணி!"

சவேரியாயி போட்டாள். பொருந்தியது.
ராக்கம்மா போட்டாள். பொருந்தியது.
செய்யதம்மாளுக்கும் பொருந்தியது.
ஐஸ் வண்டிக்காரர் தேவசகாயம்
எதற்கு வரிசை என்று தெரியாமலே நின்றார்,
அவருக்கும் பொருந்தியது.

"வாரை இழுத்துக் கட்டுனா
யானைக்கும் பொருந்தும் தம்பி"
என்று வந்தாள் நம்பு,
வலது கால் செருப்பைக் கையில் பிடித்தபடி.
"இது என்னோடது. குடுங்க."

இளவரசன் முழங்காலிட்டான்.
"எந்திரிங்க, சேறு."
"அரண்மனைத் தரை முழுக்கப் பளிங்கு.
அங்கே உனக்குச் செருப்பே வேண்டாம்."
நம்பு யோசித்தாள்.
நிஜமாகவே யோசித்தாள்.
"அங்க கடல் இருக்கா?"
"இருக்கிறதே! சுவரில்.
மிகப் பெரிய ஓவியம்."

பதினோரு பேரும் சிரித்த சிரிப்பில்
அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குள் வத்தம் விழுந்து
கப்பல் தரைதட்டி நின்றது.
வெள்ளம் ஏற ஆறு மணி நேரம் ஆகும்.
தூக்குச்சட்டி திறந்தது.
பூசணி சாம்பார், சூடை வறுவல்.
முள்ளோடு விழுங்கப் போனவனை
"ஆய்ஞ்சு தின்னுங்க ராசா" என்று
கையைப் பிடித்து நிறுத்தினாள் செய்யதம்மாள்.
இரண்டாம் சோறு அவனே கேட்டு வாங்கினான்.

ராத்திரி வெள்ளத்தில் கப்பல் கிளம்பியது.
சேற்றில் ஒரு சப்பாத்தைப் பறிகொடுத்து
நொண்டி நொண்டி ஏறிப் போனான் இளவரசன்.

அடுத்த வத்தத்துக்கு நம்பு முங்கினாள்,
இரண்டு காலிலும் செருப்போடு.
கடல் உருட்டிக் கொண்டுவந்து
பார் அடியில் போட்டிருந்தது
அந்த வெல்வெட் சப்பாத்தை.
உள்ளே ஒரு பேய்க்கணவாய்.
எட்டுக் கையையும் மடித்துக்கொண்டு
ஒரு கண்ணை மட்டும் வெளியே வைத்திருந்தது.
அளவெடுத்துத் தைத்த மாதிரி
அப்படிப் பொருந்தியிருந்தது.

நம்பு தொடவில்லை.
பாசியோடு மேலே வந்து
வத்தை விளிம்பைப் பிடித்து மூச்சு வாங்கினாள்.
"ராணி கெடச்சிட்டா" என்றாள்.
யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.