இரண்டு கிலோ

பட்டியல் மஸ்கெலியாவுக்கு வந்து சேர
மூன்று நாள் பிடித்தது. டவர் அப்படி.

புனைபெயர், சொந்தப் பெயர், போன் நம்பர்.
கொம்யூனிகேசன் கடை ரொமேஷ் அச்செடுத்து
தாள் இருபது ரூபாவுக்கு விற்றான்.
நாற்பத்தோராம் தாள் மட்டும்
அவனிடம் தீர்ந்திருந்தது.

நான் என்னைத் தேடவில்லை.
என்ன பெயரில் ஒளிந்தேன் என்று எனக்குத் தெரியாதா?
'ஈரக்காற்றை'த் தேடினேன்.

பதினோரு மாதம்.
கொழும்பில் கப்பல் கம்பெனி என்றார்.
தூரம் ஒரு கிலோமீட்டருக்குள் என்று ஆப் காட்டினால்
பனியில் சிக்னல் குழம்புது என்பார்.
விரல் வெடித்திருக்கு என்று எழுதிய இரவு
தேங்காயெண்ணெய் தடவிட்டுப் படு என்றார்.
தடவிவிட்டுத்தான் படுக்கிறேன், இன்றுவரை.

ஈரக்காற்று: ச. தவசீலன்.
கொழுந்து மடுவத்துக் கதவில்
சாக்பீஸால் எழுதியிருக்கும் அதே நம்பர்.

அந்தியில் நிறுவை.
இருபத்தொன்று என்றது தராசு.
குனிந்த தலை குனிந்தபடி
ஈரத்துக்கு இரண்டு கழித்தார்,
என்றைக்கும் போல.

நான் நகரவில்லை.
கணக்குப் புத்தகத்தின் மேல் கையை வைத்தேன்,
உள்ளங்கை மேலே.
எண்ணெய் மணந்திருக்கும்.

பேனா நின்றது.
பின்னால் பெண்கள் கூடையை மாற்றிக்கொண்டார்கள்.

அடுத்த ஆள், என்றார்.