கோர்ப்பேலா பண்ணையின் பெட்டி

பாதிரியாரின் பேரேட்டில்
தாவெத்திக்கு வாசிப்பு: "சுமார்."
வல்புரிக்கு: "நன்று."
என் கொள்ளுத்தாத்தாவைப் பெற்றவர்களைப் பற்றி
எழுத்தில் கிடைத்த முதல் செய்தி
இவ்வளவுதான்.

பின்லாந்தின் வடக்கே, சதுப்பை வெட்டி வடித்து
ஒன்பது வருடத்தில் நாலு ஏக்கர்.
வடிகால் இன்னும் இருக்கிறது.
போன ஜூனில் இறங்கி நின்று பார்த்தேன்:
முழங்கால்வரை கறுப்புத் தண்ணீர்,
காதுக்குள் கொசு.
நேர்கோடு தெரியாத மனிதன்.
பாறை வந்த இடத்திலெல்லாம்
வளைந்து போயிருக்கிறான்.

அறுபத்தேழில்
மே முடிந்த பிறகும்
ஏரியின் மேல் ஆள் நடந்தார்கள்.
செப்டம்பரில் ஒரே இரவு.
பால் பிடித்த வாற்கோதுமைக் கதிர்கள்
விடியும்போது கண்ணாடி,
மத்தியானம் அழுகல்.

மிச்சம், முந்தின வருடத்து விதை
ஒரு பீப்பாய்.
அதைப் பெட்டியில் கொட்டிப் பூட்டி
சாவியைக் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டு
தெற்கே ரயில்பாதைக்கு
மண் சுமக்கப் போனான் தாவெத்தி.
மண்ணுக்குக் கூலி மாவு என்று
யாரோ சொல்லியிருந்தார்கள்.

மார்ச் மூன்றாம் தேதி எல்யாஸ், ஆறு வயது.
ஏப்ரலில் ஹேத்தா, இரண்டரை.
காரணம் என்ற கட்டத்தில்
இருவருக்கும் "காய்ச்சல்."
அந்தப் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை
நாற்பத்தொரு பேருக்கும் காய்ச்சல்.
பசி என்று ஒருவருக்கும்
எழுதவில்லை.

சாவியை எடுத்துப் போன பாவி என்று
நாலு தலைமுறையாகத்
தாவெத்தியைத் திட்டினோம்.
அத்தை தன் மகனுக்கு
அந்தப் பெயரை வைக்கவிடவில்லை.
ஒரே ஒரு படம் இருந்தது,
கிழவன் நாற்காலியில், கை முழங்காலில்.
அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினாள்.
அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்து வளர்ந்தோம்.

பிறகு ஆவணக் காப்பகத்தில், சம்மட்டியால்
அடித்தது போல ஒரு பட்டியல்.
அவன் செத்தபோது வீட்டில் இருந்தவை:
பசு ஒன்று, கிழடு. வலை இரண்டு.
பாட்டுப் புத்தகம், அட்டை இல்லாதது.
பெட்டி, பூட்டுடன்.
கோடரி இரண்டு.

கோடரி.
அதில்லாமல் அந்தக் குளிரில்
ஒரு வாரம் அடுப்பு எரியாது.
பைன் மரத்தின் பட்டையை உரித்து
உள்தோலை இடித்து
அவள் சுட்ட ரொட்டிக்கும்
கோடரிதான் வேண்டும்.
ஆக அந்தக் குளிர்காலம் முழுக்க
சாவி முந்நூறு மைல் தூரத்தில்,
கோடரி கைக்கெட்டும் தூரத்தில்.

பெட்டி இப்போது தங்கை இல்தாவிடம்.
குளிர்குல்லாய்களும் ஒற்றைக் கையுறைகளும்
போட்டு வைத்திருக்கிறாள்.
எல்லாவற்றையும் தரையில் கொட்டிவிட்டு
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
பூட்டுக்கு இடப்பக்கம்
ஒரு வெட்டு.
நக ஆழம்.
ஒன்றே ஒன்று.

"வீடு மாற்றும்போது பட்டிருக்கும்" என்றாள் இல்தா.
இருக்கலாம்.
"பட்டினி கிடந்தாலும்
விதையைத் தின்பார்களா யாராவது?" என்றாள்.
அடுத்த நிமிடம்
"அடி பாவி" என்றாள்.
யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.
கையுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தோம்.

அறுபத்தெட்டு மே மாதம்
தாவெத்தி திரும்பி வந்தான்,
மாவில்லாமல், இருமலோடு.
பெட்டி திறந்தது. விதைத்தார்கள்.
அந்தக் கோடை நல்ல கோடை என்று
எல்லாப் பதிவுகளும் சொல்கின்றன.
அடுத்த நவம்பரில் ஈசாக்கி பிறந்தான்.
அவன் வழியில்தான் நாங்கள் எல்லோரும்.
போன கிறிஸ்துமஸுக்குப் பதினான்கு தட்டு,
கஞ்சியில் ஒருவருக்கு பாதாம் பருப்பு.
எனக்கு வந்தது.
மெல்லாமல் வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தேன்.

தாவெத்தியின் படத்தை
இந்தப் பக்கம் திருப்பிவிட்டேன்.
வல்புரிக்குப் படம் கிடையாது.
பேரேட்டின் அந்த ஒரு வரிதான்.
அதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.
அறுபத்தேழு வரை ஒவ்வொரு வருடமும்
"நன்று, நன்று, நன்று."
அறுபத்தெட்டிலிருந்து
அவள் சாகும் வரைக்கும், அதே கட்டத்தில்,
வேறு வேறு பாதிரிமாரின் கையெழுத்தில்:

வாசிக்க வரவில்லை.