மேல் எல்லை

உறுதியில் இப்படித்தான் இருக்கிறது:
வடக்கு ஒழுங்கை.
கிழக்கு பெனடிக்ரின் பிள்ளைகளின் காணி.
தெற்கு சவுக்கங்காடு, அரசாங்கம்.
மேற்கு பற்றை.
இதற்குள் அடங்கிய துரவும் வழியும்
பயன்தரு தென்னை ஏழும் முழுவதும் எனக்கு.
மேலே என்ன எல்லை என்று
நொத்தாரிசு கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத்
தெற்கு எல்லை பற்றிக்கொண்டது.
சோளகக் காற்று.
மணற்காட்டில் சவுக்கஞ்சருகு
முழங்கால் வரைக்கும் கிடக்கிற மாதம்.
பீடித் துண்டோ, தேன் எடுக்கப் போனவர்களோ,
விதானையார் இன்னும் விசாரிக்கிறார்.
பருத்தித்துறையிலிருந்து வந்த பவுசர்
மணலில் அச்சு வரை புதைந்து
தீயைப் பார்த்தபடி நின்றது.

பிறகு அந்தச் சத்தம்.

காதுக்கு முதல் உடம்புக்குக் கேட்டது.
முழங்கை இரண்டும் மணலில்,
வாய் திறந்து, காது பொத்தி,
வயிறு நிலத்தில் படாமல்.
ஐம்பத்திரண்டு வயதில்
இவ்வளவு கெதியாய்க் குப்புற விழலாம் என்று
எனக்கே தெரியாது.
மகன் கொலின் நிமிர்ந்து நின்று
கைத்தொலைபேசியில் படம் பிடித்தான்.
"அம்மா, எழும்புங்கோ.
வாளிதான் கட்டியிருக்கு."

வாளிதான்.
செம்மஞ்சள் நிறம், நீளக் கம்பியில் தொங்கி
என் துரவுக்கு நேரே இறங்கியது.
கடல் நானூறு யார் தள்ளித்தான் கிடக்கிறது.
அலை அதிகமாம், உப்பு மண்ணுக்கு ஆகாதாம்,
எட்மன் பிறகு விளக்கம் சொன்னான்.
அந்த நேரம் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்:
அத்தனை பெரிய கடலை விட்டுவிட்டு
என்னிடம் வந்திருக்கிறார்கள்.

கேட்கவில்லை.
அந்த உயரத்திலிருந்து யார் யாரைக் கேட்பது?
நீர்க்காகத்துக்குப் பயந்து விரித்த வலை
பிய்ந்து தென்னையில் போய்ச் சுற்றியது.
வாளி சரிந்தது, குடித்தது, நிமிர்ந்தது.
விளிம்பால் சிந்திய தண்ணீரோடு
வெயிலில் ஒன்று மின்னித் துடித்தது.
பாங்குக் கடனில் மாசியில் விட்ட
ஆயிரத்து இருநூறு திலாப்பியாக் குஞ்சில் ஒன்று.
நத்தாருக்குப் பிடிக்கலாம் என்றிருந்தேன்.

முதல் வாளிக்குக் கத்தினேன்.
மூன்றாவதிலிருந்து எண்ணினேன்.
ஆறாவதில்,
பெனடிக்ரின் பிள்ளைகளின் கொட்டில் பக்கம்
புகை சரிந்தபோது,
"இந்தப் பக்கம், இங்கதான் ஆழம்" என்று
கை காட்டிக்கொண்டு நின்றவள்
நான்தான்.
ஓட்டியவன் கண்ணாடிக்குள்ளால்
பெருவிரலைத் தூக்கிக் காட்டினான்.
எந்த ஊர்ப் பிள்ளையோ.
அவன் பிறக்க முதல் வேறொருவன்
இதே உயரத்தில் நின்று
எங்களைப் பார்த்திருக்கிறான்.
நானும் விரலைத் தூக்கினேன்.
பிறகு அந்தக் கையைச் சட்டையில் துடைத்தேன்,
ஏனென்று தெரியாது.

பதினொரு வாளி.
பன்னிரண்டாவதுக்கு வந்து
சேற்றைப் பார்த்துத் திரும்பிப் போனது.

சனிக்கிழமை விதானையார் படிவத்தோடு வந்தார்.
இழப்பின் வகை:
வெள்ளம், புயல், வறட்சி, யானை, ஏனையவை.
ஏனையவையின் கீழ்க் கோடு போட்டார்.
தண்ணீரை லீற்றரில் எழுத வேண்டுமாம்.
"வாளி எவ்வளவு பிடிக்கும்?"
"பறந்தவனைக் கேளுங்கோ."
"ஊற்று ஊறிவிடும்தானே, அக்கா."

ஊறும். ஊறுகிறது.
இரவில் பாயில் கிடக்கக் கேட்கிறது,
மணலடியில் ஒரு சின்னச் சளசளப்பு.
மீன் ஊறாது.

ஞாயிறு பூசை முடிந்து காட்டுக்குள் போனேன்.
சாம்பல் செருப்பைத் தாண்டிச் சுட்டது.
கரிந்த அடிமரங்களுக்கு நடுவே
ஒரு ஈர வட்டம்.
அதற்குள் என் மீன்கள், பதினேழு,
ஒரு பக்கம் வெந்து
மறுபக்கம் பச்சையாய்.
எனக்கு முதலே வந்த நாயொன்று
நல்லதாய்ப் பார்த்துத் தின்றுகொண்டிருந்தது.
கல்லெடுக்கக் குனிந்தவள்
அப்படியே நின்றேன்.
எல்லைக்கல் எனக்குப் பின்னால் இருந்தது.
இது அரசாங்கக் காணி.